கம்பெனிக்குப் போட்ட படம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில், பீளமேட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். மோட்டாரின் ஒவ்வொரு பாகத்தையும் அளவு பிசகாமல் தாளில் வரைந்து கொடுப்பது என் வேலை. அந்த வருடம்தான் எங்கள் செக்‌ஷனுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் ஏ.சி. போட்டு அதைத் தனியாக வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்ப்போம். பிறகு, யாருடைய மேசையை முதலில் தூக்கப்போகிறார்களோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

அப்படி ஒரு நாளில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"காட்டலாக்குக்கு அட்டைப்படம் வேணும்ப்பா. தோட்டம், கெணறு, நம்ம பம்ப்புல தண்ணி கொட்டற மாதிரி. கலர்ல. உனக்கு கலர் அடிக்க வருமா?"

"கத்துக்கறனுங்க சார்," என்றேன்.

என் மேசைக்குத் திரும்பியதும் பக்கத்து மேசை நண்பர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன, தனியா வழி பாக்கறியாட்ட இருக்குது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் என்னோடு உட்காரவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயங்காலங்களில் நீர்வண்ண வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஓவியக் கல்லூரியை முடித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். படிக்க வந்தவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீதிப்பேர் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள். மீசை வைத்த ஒரே ஆள் நான்தான். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அப்பா என்று நினைத்து எனக்கு நாற்காலி போட்டார்கள்.

எனக்கு முதலிலிருந்தே தண்ணீர் மேல் நம்பிக்கை வரவில்லை. பென்சில் கோடு, போட்ட இடத்தில் நிற்கும். இந்த வண்ணம் அப்படியில்லை. தாளில் வைத்த நீலம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டைத் தாண்டிப் போகும். போனதை இழுக்கலாம் என்று தூரிகையில் தண்ணீர் எடுத்து வைத்தால், பாதி காய்ந்த வண்ணத்தில் அது பூக்கோசு மாதிரி ஒரு கறையாகப் பூத்து நிற்கும். பக்கத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுப்பேன். கடைசியில் தாள் நைந்து திரிதிரியாக வரும்.

"சார், ஓடுனா ஓடட்டும் விடுங்க," என்பார் டீச்சர். "அது எங்க போகுதுன்னு பாருங்க. காஞ்சப்பறம் அடுத்தத வைக்கலாம்."

"கோட்ட விட்டு வெளிய போகுதுங்களே மேடம்."

"கோடே எதுக்குங்க? அந்த ஸ்கேல முதல்ல பைக்குள்ள போடுங்க."

அவர் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு உடனே பிடித்துப்போனது ஒன்றுதான். வெளியே உட்கார்ந்து வரையும்போது பென்சிலை நீட்டிய கையில் நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மரம் எவ்வளவு உயரம், வீடு அதில் எத்தனை பங்கு என்று கட்டைவிரலால் அளப்பது. அளவு என்று ஒன்று இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. இன்னொன்றும் சொன்னார். வெள்ளை வண்ணம் கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே தொடாமல் விட்டுவிட வேண்டும். இந்த இரண்டும் பின்னால் எனக்கு என்ன செய்யப்போகின்றன என்று அன்றைக்குத் தெரியாது.

அப்போது என் மனைவி தலைப்பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெருந்துறையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் போவேன். குழந்தை பெரும்பாலும் தூங்கும். மனைவியைச் சுற்றி எப்போதும் நாலு பெண்கள் இருப்பார்கள். மாப்பிள்ளையைத் தோட்ட வேலைக்கு விடமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேலை எதுவும் இல்லை. அதனால் வண்ணப்பெட்டியையும், ஆபீஸிலிருந்த பழைய சின்ன டிராயிங் போர்டையும், தண்ணீருக்கு ஒரு தூக்குப்போசியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மாமனார் தோட்டத்து மோட்டார் ரூம் புதிது. சிமெண்ட் அட்டைக் கூரை போட்டது. பார்க்க ஒன்றும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய பெரியப்பா மகனின் தோட்டம். அங்கே ஓடு வேய்ந்த பழைய மோட்டார் ரூம், பக்கத்தில் ரெட்டைத் தென்னை, குழாயிலிருந்து தொட்டியில் கொட்டி மஞ்சள் பயிர் நின்ற காட்டுக்குள் ஓடும் தண்ணீர். மேனேஜர் சொன்ன படம் அப்படியே அங்கே இருந்தது. வேலியோரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, போர்டை மடியில் வைத்து, பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தோட்டத்துக்காரரே வந்தார். அவரும் எனக்கு மாமா முறைதான். ஐம்பதைத் தாண்டியவர். தோளில் துண்டு, கையில் மண்வெட்டி.

"என்னுங்க மாப்ள, வந்து ரொம்ப நேரமாச்சுங்களா?"

"இப்பத்தானுங்க மாமா."

"என்ன பண்ணிட்டிருக்கறீங்க?"

"படம் போடறனுங்க."

"படமுங்களா?" அவர் போர்டைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தார். பிறகு அது நீட்டிக்கொண்டிருந்த திசையைப் பார்த்தார். அந்தத் திசையில் அவருடைய கிணறு இருந்தது. "எதுக்குங்க?"

"கம்பெனிக்குங்க மாமா."

"ஓ, கம்பெனிக்குங்களா," என்றார். அவ்வளவுதான். "சரீங்க, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி தூரம் போய் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்து தாளை நனைத்ததும் மோட்டார் நின்றது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். மாமனார் தோட்டத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து வீட்டுக்குப் போனதும் அந்தத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மறுபடி கேட்டது. அதற்கு அடுத்த வாரம், நான் உட்காரும் இடத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில் சோளத்தட்டுப் போர் ஒன்று முளைத்திருந்தது. தட்டை எங்கே வேண்டுமானாலும் அடுக்கியிருக்கலாம். சரியாக ஓட்டுக்கூரையும் குழாயும் மறையும் இடத்தில் அடுக்கியிருந்தார்கள்.

நான் பத்தடி தள்ளி உட்கார்ந்தேன். வேலிக்கு அப்பால் யாரோ நடந்து வந்து, நின்று, அங்கேயே நிற்பது தெரிந்தது. திரும்பினால் ஆளில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்த டீக்கடைக்குப் போனேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். கடைக்காரர் கிளாஸை என் முன் வைத்துவிட்டு, மேசையைத் துடைப்பவர் போலக் குனிந்து கேட்டார்:

"எத்தன ஏக்கரா எடுக்கறாங்கங்க?"

"எதைங்க?"

"இல்லீங்க, சும்மா கேட்டனுங்க," என்று துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விஷயத்தைச் சொன்னது என் மனைவிதான். குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஆரம்பித்தாள். பெருந்துறையைச் சுற்றித் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று அந்த வருடம் ஊர் ஊராகப் பேச்சு. எந்த ஊர், எவ்வளவு நிலம் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வண்டியை நிறுத்திச் சிறுநீர் கழித்தால்கூட, சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று சொல்கிற நேரம். அந்த நேரத்தில் நான் கோயமுத்தூர்க் கம்பெனியிலிருந்து போர்டோடும் பென்சிலோடும் வந்து, பக்கத்துத் தோட்டத்தை ஒற்றைக் கண்ணால் அளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க எங்க தோட்டத்த உட்டுப்போட்டு அவங்க தோட்டத்தையே வரையறீங்களாமா. எங்க நெலம் தப்பிக்கோணும்னு எங்கப்பாதான் சொல்லி வரைய வெக்கறாராமா. அந்தத் தோட்டத்துப் பெரீம்மா கொழந்தையப் பாக்க வர்றதே இல்லீங்க. அம்மா போயிக் கூப்பிட்டதுக்கு மொகத்தத் திருப்பிக்கிட்டாங்களாமா."

"அடப்பாவமே. படந்தான் போடறேன்னு நீ சொல்ல வேண்டியதுதான?"

அவள் குழந்தையின் நெற்றியிலிருந்த மையைச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, நெசமாலுமே படம் மட்டுந்தானுங்களா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இவளே கேட்கிறாள் என்றால் இந்த வீட்டில் வேறு யாரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? அன்று சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்த மாமனார், வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, பஸ் தூரத்தில் தெரிந்ததும் கேட்டார்:

"உங்க கம்பெனி இந்தப் பக்கம் எதாச்சும் புதுசா ஆரம்பிக்கறாங்களாங்க மாப்ள? இருந்தா எங்கிட்டச் சொல்லிப்போடுங்க. நான் வெளிய வுடமாட்டேன்."

"அப்படி எதுவும் இல்லீங்க மாமா."

"சரி, சரி," என்றார். அந்த இரண்டாவது 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

நானும் அவர்களைச் சந்தேகிக்க ஆரம்பித்தேன் என்பதுதான் உண்மை. பையைத் திண்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனால், திரும்பி வந்து ஜிப் வைத்த மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பேன். மச்சினன் என் வண்ணப்பெட்டியைத் திறந்து பார்த்தால், ஆசையால் பார்க்கிறானா, யாராவது பார்க்கச் சொன்னார்களா என்று யோசிப்பேன். விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் விட்டால், மாட்டிக்கொண்டதும் நிறுத்திவிட்டான் என்றல்லவா பேசுவார்கள்? அதனால் வீம்புக்கு வரைந்தேன்.

தட்டுப்போருக்கு மறுபக்கமாக உட்கார்ந்து, ஒரு படத்தை ஒருவழியாக முடித்தேன். ஆகாயம் கறையாகத்தான் இருந்தது. ஆனால் கொட்டும் தண்ணீருக்கு டீச்சர் சொன்னபடி தாளை வெள்ளையாக விட்டிருந்தேன். அது மட்டும் நிஜத் தண்ணீர் மாதிரியே மினுங்கியது. காயட்டும் என்று வாசலில் கயிற்றுக்கட்டில் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது போர்டு இருந்தது, கிளிப்புகள் இருந்தன, தாள் இல்லை.

"காத்துல போயிருக்குமுங்க," என்றார் மாமனார்.

காற்று கிளிப்பைக் கழற்றிப் போர்டின் மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போகாது. எல்லோர் முகத்தையும் பார்த்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் டீச்சரிடம் சொன்னேன். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நான் போட்ட படத்த இதுவரைக்கும் ஒருத்தரும் திருடுனதில்ல சார். உங்களுக்கு ஆரம்பத்துலயே இந்தப் பேரு கெடச்சிருக்குது." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நான் ஊரில் இறங்கி, குழந்தையைக் கையில் வாங்கக்கூட இல்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா வாசலுக்கு வந்துவிட்டார். கூட இரண்டு தோட்டத்துக்காரர்கள். அவர் கக்கத்தில் செய்தித்தாளில் சுருட்டிய ஏதோ ஒன்று. என் மாமனார் நாற்காலி எடுத்துப் போட்டார். யாரும் உட்காரவில்லை. மாமா செய்தித்தாளைப் பிரித்து, தாளைக் கட்டிலில் விரித்து, காற்றில் சுருளாமல் நாலு மூலையிலும் கல் வைத்தார். என் படம்.

"நாந்தானுங்க எடுத்துட்டுப் போனேன்," என்றார். மறைக்கவேயில்லை. "பெருந்துறையில ரிட்டயரான சர்வேயர் ஒருத்தரு எனக்குத் தெரிஞ்சவரு. அவருகிட்டக் காட்டுனேன். இப்பிடித் திருப்பிப் பாத்தாரு, அப்பிடித் திருப்பிப் பாத்தாரு. ஒண்ணுமே புரியலைன்னு சொல்லிப்போட்டாருங்க. அதுக்கப்பறந்தான் எனக்கு சந்தேகம் சாஸ்தியாச்சு. சர்வேயருக்கே புரியாத மாதிரி வரையறாங்கன்னா அது சாதாரண விஷயமில்லீங்களே?"

நான் வாய் திறப்பதற்குள் விரலை வைத்தார். "இந்தச் செவப்பு என்னுங்க?"

"உங்க ஓடுங்க மாமா."

"இந்த ரெண்டு கோடு?"

"தென்னைமரமுங்க."

"தென்னைமரமாட்டத் தெரியலீங்களே. இந்த வட்டம்?"

ஆகாயத்தில் பூத்திருந்த கறை அது. "அது தப்புங்க மாமா."

"தப்புன்னா?"

"தண்ணி அதிகமாகி, அதுவா ஊறிப்போச்சுங்க. நானாப் போடலீங்க."

அவர் கூட வந்தவர்களைப் பார்த்தார். பிறகு, அதுவரை இதற்காகவே காத்திருந்தவர் போல, குழாயடியில் நான் வெள்ளையாக விட்டிருந்த இடத்தில் விரலை அழுத்தினார்.

"அப்ப இது? எல்லாப் பக்கமும் கலர் அடிச்சிருக்கறீங்க. என்ற கெணத்துக்கிட்ட மட்டும் வெறுசா வுட்டிருக்கறீங்களே. இதுதான எடுக்கப் போற எடம்?"

"அது தண்ணிங்க மாமா. வெயில் பட்டு மின்னுதுல்லீங்களா, அது. அதுக்கு வெள்ளை பெயிண்ட் கெடையாதுங்க. பேப்பர அப்படியே வுடறதுதான்."

"பெயிண்ட் பொட்டியில வெள்ளை இல்லீங்களா?" கூட வந்தவர்களில் ஒருவர் கேட்டார். நம்பவேயில்லை என்பது குரலில் தெரிந்தது. பெட்டியைத் திறந்து காட்டினேன். கெட்ட நேரம், அந்தப் பெட்டியில் வெள்ளையும் ஒரு வில்லை இருந்தது. டீச்சர் தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் புத்தம்புதிதாக இருந்தது. மூன்று பேரும் அந்த வில்லையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

என் மனைவிதான் காப்பாற்றினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தவள், "ஏனுங் பெரீப்பா," என்றாள், "இவரு போடறத நீங்களே கூட இருந்து பாருங்க. படமா, அளவான்னு தெரிஞ்சுபோகுமில்லீங்களா?"

மாமா யோசித்தார். "செரி. வாங்க," என்றார். "நானே மோட்டார் போட்டு வுடறேன்."

அப்படித்தான் அன்றைக்கு வேலியைத் தாண்டி அவர் தோட்டத்துக்குள்ளேயே, கிணற்று மேட்டுக்கு எதிரில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் மூன்று பேர், கொஞ்சம் தள்ளி என் மாமனார். மோட்டார் ஓடியது. த்ரீ பேஸ் கரண்ட் இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றார்கள். பென்சிலை நீட்டி அளக்கப் பயமாக இருந்தது. கையை நீட்டாமலே நாலு கோடு இழுத்தேன். தாளை நனைத்து நீலத்தை வைத்தேன். நீலம் தென்னையின் பக்கம் ஓடியது. பஞ்சு வீட்டில் இருந்தது. எழுந்து போய் எடுத்து வந்தால் அதற்கும் ஏதாவது அர்த்தம் வரும் என்று, ஓடட்டும் என்று விட்டேன்.

"தென்னைமரம் அழியுதுங்க மாப்ள!" என்றார் மாமா பின்னாலிருந்து.

"காஞ்சப்பறம் திரும்ப வெச்சுக்கலாமுங்க."

"எங்கீங்க காயறது? இப்ப கூரைக்கு வருதுங்களே!"

அவர் என் தோளுக்கு மேல் குனிந்திருந்தார். நான் தூரிகையைக் கொண்டுபோகும்போதெல்லாம் அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது காதில் கேட்டது. மஞ்சள் காட்டுக்குப் பச்சை வைத்தபோது, "இன்னும் ஈரமா இருக்குதுங்க, சித்தெ பொறுங்க" என்றார். பொறுத்தேன். அவர் சொன்னது சரிதான். நீலமும் பச்சையும் கலந்து தோட்டத்தின் பின்னால் ஒரு மங்கலான வரிசை தானாக வந்தது. நான் வைக்காத மரங்கள் அங்கே நிற்பது மாதிரி இருந்தது. நான் அதுவரை போட்டதிலேயே உயிருள்ள இடம் அதுதான். சந்தோஷப்படக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

கரண்ட் போய் மோட்டார் நின்றபோது படம் பாதியில் இருந்தது. கூட வந்தவர்களில் ஒருவர் போர்டை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இத வெச்சுக்கிட்டு ஒருத்தன் நெலம் எடுக்க வந்தான்னா, அவன் பவானி ஆத்துல போயித்தான் உளுவான்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மாமனார்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் இரண்டு தாள்களையும் சேர்த்துச் சுருட்டினார்.

"இது ரெண்டும் எங்கிட்டயே இருக்கட்டுங்க மாப்ள," என்றார்.

வீட்டுப் பீரோவில், நிலப் பத்திரங்கள் வைத்த தட்டிலேயே அவற்றையும் வைத்துப் பூட்டியதாக அவர் மனைவி, அந்த அத்தை, பின்னால் என் மாமியாரிடம் சொன்னார். அத்தை குழந்தையைப் பார்க்க வர ஆரம்பித்திருந்தார்.

காட்டலாக்குக்கு என் படம் தேவைப்படவில்லை. போட்டோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். என்னைக் கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். பக்கத்து மேசை நண்பரையும் அடுத்த மாதம் அனுப்பினார்கள். நான் அதற்காகத்தான் மேனேஜரைப் பிடித்து வைத்திருந்தேன் என்று அவர் கடைசிவரை நம்பினார். சனிக்கிழமை வகுப்பை நான் விடவில்லை.

கொஞ்ச காலம் கழித்து நிஜமாகவே நிலம் எடுத்தார்கள். எடுத்தது வேறு பக்கம். என் மாமனார் ஊரில் ஒரு வயலையும் தொடவில்லை. அதற்குப் பிறகு நான் அந்த ஊரில் இறங்கினால் டீக்கடைக்காரர் காசு வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். ஒரு நாள் பல்லடத்துப் பக்கமிருந்து முன்பின் தெரியாத ஒருவர், கோழிப்பண்ணை வைத்திருப்பவராம், ஒரு பை நிறைய மாம்பழத்தோடு பீளமேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ரோடு அகலப்படுத்த அவர் நிலத்தைக் கேட்பார்கள் போலிருக்கிறதாம். "நீங்க வரைஞ்சு குடுத்தா வுட்டுருவாங்கன்னு சொன்னாங்க சார். நம்ம பண்ணையவும் ஒண்ணு போட்டுக் குடுங்க." எனக்கு அப்படி ஒரு சக்தியும் இல்லை என்று நானும் என் மனைவியும் மாறி மாறிச் சொன்னோம். நான் எவ்வளவு மறுத்தேனோ, அவ்வளவுக்கு அவர் முகத்தில் மரியாதை கூடியது. பையை வைத்துவிட்டுத்தான் போனார்.

என் மகளின் காதுகுத்துக்கு அந்த மாமா வந்திருந்தார். பந்தியில் அவரே நின்று எனக்குப் பரிமாறினார். பக்கத்து இலைக்காரர் எழுந்து போனதும், பருப்பு வாளியோடு குனிந்து, என் காதருகில் கேட்டார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க மாப்ள. அன்னிக்கு எங்கிட்ட வேணும்னேதான தப்புத் தப்பா வரைஞ்சு காட்டுனீங்க?"

"இல்லீங்க மாமா. எனக்கு அவ்வளவுதான் வந்துச்சுங்க."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். ரகசியம் காக்கத் தெரிந்த ஆளைப் பார்த்தால் ஆட்டுவார்களே, அப்படி. பிறகு என் இலையில் இன்னும் ஒரு கரண்டி பருப்பை ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்குப் போனார்.